புயலுக்குக் காத்திருக்கும் நகரம்

வேதபாடப் பகுதி: 1 இராஜாக்கள் 18:41–46; 2 இராஜாக்கள் 3:9–24



 

மழைக்காக ஜெபிப்பது எங்களுக்குப் புதிதல்ல. இந்த மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நாங்கள் ஊழியம் செய்துவரும் ஆண்டுகளில் கிணறு வற்றிய கோடைகள் பல வந்துபோயின. ஒவ்வொரு முறையும் காலை ஆராதனையில் வானத்தைத் திறக்கும்படி மன்றாடினோம். மழைக்காக எப்படி ஜெபிப்பது என்பதை நன்றாய்க் கற்றுக்கொண்டுவிட்டோம் என்றே எண்ணியிருந்தோம். அப்படியல்ல என்பதை ஒரு நாள் ஒரு பெண்மணி எங்களுக்கு உணர்த்தினார். அவரைக்குறித்துப் பின்னர் சொல்லுகிறோம். அதற்கு முன் உங்களைத் தூரதேசத்து நகரம் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அந்த நகரத்தின் வரலாற்றைப் படித்த பிறகே அந்த அம்மையார் கேட்ட கேள்வியின் முழுப் பாரமும் எங்களுக்கு விளங்கிற்று.

ஊற்றுக்கண்ணில் பிறந்த நகரம்

மெக்சிகோ நாட்டின் வடகிழக்கில், நுவோ லெயோன் மாநிலத்தின் தலைநகராக இருப்பது மொன்டெர்ரே. 1596ஆம் ஆண்டில் சான்டா லூசியா என்னும் நீரூற்றுக்களின் அருகே ஸ்பானியர் அதை நிறுவினர். தண்ணீர் இருந்ததால்தான் அங்கே ஊர் பிறந்தது. பிற்காலத்தில் எஃகு, சிமென்ட், கண்ணாடி ஆலைகள் பெருகின. இன்று சுற்றுப்புறங்களையும் சேர்த்து 50 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அங்கே வாழுகிறார்கள். குதிரைச் சேணத்தைப் போன்ற உச்சியையுடைய மலை ஒன்று நகரத்தின்மேல் நிற்கிறது. கடலோ 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

அங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரியாக 600 மில்லிமீட்டர் அளவே. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 'கனிக்குலா' என்று அவர்கள் அழைக்கும் கடும் வெயிற்காலம் நிலத்தைச் சுட்டெரிக்கும். மழை மிகுதியாகப் பெய்வது செப்டம்பரில்தான். நகரத்தின் நடுவே ஓடும் சான்டா கத்தரினா ஆறு ஆண்டின் பெரும்பகுதியில் கல்லும் மணலுமாய்க் கிடக்கும். நம் பாலாற்றைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாய்த் தோன்றாது.

இத்தனை பெரிய நகரத்தின் தாகத்தைத் தணிக்க மூன்று அணைகள் உண்டு. அருகிலிருக்கும் லா போக்கா சிறியது. தென்கிழக்கில் செர்ரோ பிரியெத்தோ. கிழக்கே தொலைவில் இருக்கும் எல் கூச்சியோ மூன்றிலும் மிகப் பெரியது. நிலத்தடிக் கிணறுகளும் உண்டு. எனினும் இந்த அணைகள் நிரம்பாவிட்டால் நகரம் தவிக்கும்.

2022ஆம் ஆண்டில் அந்தத் தவிப்பு வந்தது. லா நின்யா என்னும் பசிபிக் கடலின் குளிர்நிலை தொடர்ந்து நீடித்த அந்த ஆண்டுகளில் வட மெக்சிகோ வறண்டது. பிப்ரவரியில் மாநில அரசு அவசரநிலை அறிவித்தது. மார்ச்சில் முறைவைத்துத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. ஜூன் மாதத்தில் காலை 4 மணி முதல் 10 மணிவரை, ஆறு மணி நேரம் மட்டுமே குழாயில் நீர் விடப்படும் என்றார்கள். பல குடியிருப்புகளுக்கு அதுவும் நாட்கணக்கில் எட்டவில்லை. செர்ரோ பிரியெத்தோவின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. வெடித்த சேற்றின்மேல் படகுகள் சாய்ந்து கிடந்தன. தாய்மார் வாளிகளோடு தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றார்கள். பொறுமையிழந்தவர்கள் சாலையை மறித்தார்கள். மேகங்களில் வெள்ளி அயோடைடு தூவியும் பார்த்தார்கள்.

மருத்துவமனையோடு உறவுடைய நாம் இதை வெறும் செய்தியாகக் கடந்துபோக முடியாது. ஒரு சிறுநீரக நோயாளிக்கு ஒருமுறை டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரிக்கப்பட்ட நீர் வேண்டும். பிரசவ அறைக்கு, சலவைக்கு, அறுவை செய்யும் கைகளைக் கழுவுவதற்கு, எல்லாவற்றுக்கும் நீர் வேண்டும். வறட்சியில் முதலாவது வற்றுவது ஏழையின் குடம். அதன் பின் வருவது வயிற்றுப்போக்கால் துவண்ட அவருடைய குழந்தை. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறும் அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

கடலிலிருந்து வரும் மழை

அந்த நகரத்தார் நம்பிக்கையோடு பார்த்த திசை ஒன்றுண்டு. அது கிழக்கே, மெக்சிகோ வளைகுடா. அட்லாண்டிக் கடலின் சூறாவளிக் காலம் ஆண்டுதோறும் ஜூன் முதல் தேதி தொடங்கி நவம்பர் 30வரை நீடிக்கும். வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவியைச் சுமந்துகொண்டு ஒரு புயல் கரையேறி மேற்கே நகர்ந்தால், கிழக்கு சியேரா மாத்ரே மலைத்தொடர் அதன் வழியில் சுவரைப்போல் நிற்கும். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்த காற்று தன் பாரத்தை மலைச்சரிவிலே கொட்டிவிடும். அந்த நீர் பள்ளங்களின் வழியாய் இறங்கி அணைகளைச் சேரும். சாதாரண மழை அங்கே நிலத்தை நனைத்து நின்றுவிடும். அணையை நிரப்பவேண்டுமானால் பெரும்பாலும் ஒரு புயல்மழை வேண்டும்.

ஆகவே அந்த நகரத்தார் புயலுக்கு அஞ்சுகிறார்கள்; புயலுக்காகக் காத்தும் இருக்கிறார்கள். இதில் நம்மில் பலருக்கு வியப்பிராது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலி சொன்னதும் கடலோரத்தில் படகுகளைக் கரையேற்றுகிறார்கள். உள்மாவட்டங்களிலோ ஏரிக்கரையில் நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். ஒரே செய்திதான். ஒரு வீட்டில் பயத்தையும் மறு வீட்டில் நம்பிக்கையையும் அது கொண்டுவருகிறது.

நிரப்பிய வெள்ளம், அழித்த வெள்ளம்

மொன்டெர்ரே எதற்காக அஞ்சுகிறது என்பதை அறிய 1988ஆம் ஆண்டு செப்டம்பருக்குப் போகவேண்டும். கில்பர்ட் என்னும் சூறாவளி கரீபியன் கடலைக் கடந்து, யுகதான் தீபகற்பத்தைத் தாக்கி, மீண்டும் வளைகுடாவில் இறங்கி, தமௌலிப்பாஸ் மாநிலக் கரையில் ஏறிற்று. காற்றின் வேகம் அடங்கிய பிறகே அது மொன்டெர்ரேயை எட்டியது. ஆனால் அதன் மழை அடங்கவில்லை. கல்லும் மணலுமாய்க் கிடந்த சான்டா கத்தரினா ஓர் இரவில் கரைபுரண்டது. செப்டம்பர் 17ஆம் தேதி அதிகாலையில் பயணிகள் பேருந்துகள் சில அந்த வெள்ளத்தில் சிக்கிக் கவிழ்ந்தன. அவர்களை மீட்க இறங்கிய காவலரிலும் சிலர் அடித்துச் செல்லப்பட்டனர். அந்த நகரத்தில் மட்டும் 100க்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்பட்டது.

துயரம் ஆறிப்போயிற்று, நினைவும் மெல்ல மங்கிற்று. வறண்ட ஆற்றின் அகன்ற மடி வீணாய்க் கிடப்பதாக மனிதருக்குத் தோன்றிற்று. கால்பந்து மைதானங்கள் வந்தன. கோல்ஃப் மைதானமும் சந்தையும் வந்தன. கரையோரம் இருபுறமும் பெருஞ்சாலைகள் ஓடின. 2010ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி அலெக்ஸ் என்னும் சூறாவளி கரையேறிற்று. மறுநாள் ஜூலை முதல் தேதி ஆறு தன் மடியைத் திரும்பக் கேட்டது. மைதானங்கள் போயின. சாலைகள் இடிந்து விழுந்தன. குடிநீர்க் குழாய்களும் உடைந்தன. வீதியெங்கும் வெள்ளம் ஓட, வீட்டிலே குடிக்க நீரில்லாமல் திண்டாடியவர்கள் பலர்.

அதே மழைதான் அணைகளையும் நிரப்பிற்று. இதை எண்ணும்போது எங்களுக்கு மனம் தடுமாறுகிறது. 'அந்த ஆண்டு அணை நிரம்பியது' என்று ஒருவர் நன்றி சொல்லும் அதே வாரத்தில் இன்னொருவர் கல்லறையண்டை நிற்கிறார். வறட்சியைக் கண்டு இது பாவத்தின் தண்டனை என்று சொல்வோரும், மழையைக் கண்டு இது எங்கள் ஜெபத்தின் பலன் என்று சொல்வோரும், அந்தக் கல்லறையண்டை போய் நின்று அதே வார்த்தையைச் சொல்லக் கூடுமோ? படுக்கைக்குப் படுக்கை சென்று ஜெபிக்கிற எங்களுக்கு அந்தத் துணிவில்லை.

பின்வரிசையில் இருந்த பெண்மணி

இப்போது நாங்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகியிருப்பதாக வானொலியில் அறிவித்தார்கள். எங்கள் கிணறுகள் அடிதட்டிப் போயிருந்த நேரம். அன்று காலை ஆராதனையில் உற்சாகமாய் ஜெபித்தோம். "ஆண்டவரே, அந்தப் புயலை எங்கள் பக்கமாய்த் திருப்பும்" என்று மன்றாடினோம். "ஆமென்" என்ற சத்தம் பலமாகவே கேட்டது.

ஆராதனை முடிந்ததும் ஒரு பெண்மணி எங்களிடம் வந்தார். கடலோரக் கிராமத்திலிருந்து, அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட தம் மாமியாரோடு வந்து தங்கியிருந்தவர். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஐயா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. புயல இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி ஜெபம் பண்ணுனீங்க. அது உங்க ஊருக்கு வரணும்னா எங்க ஊரு மேல ஏறித்தானே வரணும்? எங்க வீட்டுக்காரர் இன்னும் கரைக்கு வரல ஐயா."

எங்களிடம் பதில் இல்லை. "அப்படி நினைத்து ஜெபிக்கவில்லை அம்மா" என்று மட்டும் சொன்னோம். அது உண்மை. அவரை நாங்கள் நினைக்கவே இல்லை. எங்கள் பிழையும் அதுவே.

மூன்றாம் நாள் அவருடைய கணவர் கரைசேர்ந்தார் என்று செய்தி வந்தது. படகு சேதமாகிவிட்டது. அதே வாரத்தில் எங்கள் ஏரிக்கு நீர் வந்தது. நன்றி ஆராதனையில் என்ன சொல்லி ஜெபிப்பது என்று தெரியாமல் சற்று நேரம் மௌனமாய் நின்றோம். அந்த அம்மையார் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் ஏரிக்காக அவரும் ஸ்தோத்திரம் சொன்னார் என்பதைப் பிற்பாடு அறிந்தோம்.

வேதம் நமக்குக் கற்றுத்தருவது

முதலாவது, கடலைப் பார்க்கிறவன் எச்சரிக்கவும் வேண்டும்.

மூன்று ஆண்டு வறட்சிக்குப் பின் எலியா கர்மேல் மலையில் தரைமட்டும் குனிந்து ஜெபிக்கிறார். ஊழியக்காரனை ஏழுமுறை கடலைப் பார்த்து வரச் சொல்லுகிறார். ஏழாம் முறை உள்ளங்கையளவு மேகம் ஒன்று கடலிலிருந்து எழும்புகிறது. இந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் அந்த மேகத்தைக் கண்டவுடன் எலியா முதலில் செய்தது என்ன என்பதைக் கவனிக்கத் தவறியிருந்தோம். அவர் துதிப்பாடல் பாடவில்லை. ஆகாபுக்கு ஆள் அனுப்பி, மழை வழியை மறிக்குமுன் இரதத்தைப் பூட்டி இறங்கிப்போகச் சொல்லுகிறார். தம்மைத் தேடி வேட்டையாடிய அரசனுக்கே அந்த எச்சரிக்கையை அனுப்புகிறார். மழையைக் கேட்டுப் பெற்றவர், அந்த மழையால் ஒருவனுக்கு ஆபத்து நேரிடக் கூடாதே என்று கருதினார்.

மழைக்கான ஜெபத்தோடு எச்சரிக்கையும் சேர்ந்து போகவேண்டும். ஆற்றோரக் குடிசைகளில் இருப்போரை யார் எழுப்புவது? முதியோரை யார் தூக்கிவருவது? பள்ளிக்கூடத்துக் கதவையும் ஆலயத்துக் கதவையும் யார் திறந்துவைப்பது? வறட்சி நாளிலே இவற்றுக்குப் பதில் தேடாத சபை, பாதி ஜெபத்தையே ஏறெடுக்கிறது.

இரண்டாவது, தண்ணீர் வருமுன் பள்ளம் ஆயத்தமாக வேண்டும்.

இஸ்ரவேல், யூதா, ஏதோம் ஆகிய மூன்று தேசத்து ராஜாக்கள் ஏழு நாள் பயணத்துக்குப் பின் வனாந்தரத்தில் தண்ணீரில்லாமல் தவிக்கிறார்கள். எலிசா அவர்களுக்குச் சொன்ன வழி வியப்பானது. வறண்ட அந்தப் பள்ளத்தாக்கெங்கும் வாய்க்கால்களை வெட்டும்படி சொல்லுகிறார். காற்றையும் காணமாட்டார்கள், மழையையும் காணமாட்டார்கள், ஆயினும் பள்ளத்தாக்கு நிரம்பும் என்கிறார். தாகத்தால் நாவறண்டவன் கையில் மண்வெட்டியைக் கொடுப்பது கடினமான காரியம். ஆனால் விசுவாசம் அங்கே மண்வெட்டியின் வடிவில்தான் வந்தது.

மொன்டெர்ரேயிலும் அப்படி ஒரு வேலை நடந்ததுண்டு. நகரத்துக்கு மேலே, உவாஸ்தேக்கா மலையிடுக்கில், சான்டா கத்தரினா ஆற்றின் குறுக்கே 2004ஆம் ஆண்டளவில் ஓர் உயர்ந்த அணை எழுப்பப்பட்டது. அதன் பெயர் ரோம்பேபிக்கோஸ். வெள்ளத்தின் உச்சத்தை உடைப்பது என்று கருத்து. இந்த அணையில் சாதாரண நாட்களில் நீர் தேங்காது. வரும் சிற்றோடையை அடியிலுள்ள திறப்பு வழியே விட்டுவிட்டு வெறுமையாய் நிற்கும். ஆறு ஆண்டுகள் அப்படி நின்றது. 2010இல் அலெக்ஸ் வந்தபோது அந்த வெற்றிடம் நிரம்பிற்று. நகரத்தை நோக்கிப் பாய்ந்த வெள்ளத்தின் உச்சத்தை அது தணித்துவிட்டது. அது நின்றிராவிட்டால் அழிவு இன்னும் பெரிதாயிருந்திருக்கும். வெறுமையாய் நிற்பதும் ஓர் ஊழியமே என்பதை அந்த அணை எங்களுக்குக் கற்பித்தது.

2022இன் தவிப்புக்குப் பின் அவர்கள் எல் கூச்சியோ அணையிலிருந்து நகரத்துக்கு இரண்டாவது பெருங்குழாய் ஒன்றை 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்குப் பதித்து, 2023ஆம் ஆண்டில் நீரை ஓடவிட்டார்கள். அடுத்த புயல் எப்போது வரும் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. வாய்க்கால் வெட்டுவது என்பது இதுதான். தூர் வாராத ஏரிக்கும், ஓட்டை விழுந்த தொட்டிக்கும், வீடு கட்டி அடைத்த கால்வாய்க்கும் மழை ஆசீர்வாதமாய் வராது. வானம் திறந்தாலும் அது வந்த வழியே கடலுக்குப் போய்விடும். போகும் வழியில் எளியவனின் சுவரையும் இடித்துச் செல்லும்.

மூன்றாவது, நம் நீருக்கு மேலேயும் கீழேயும் அயலான் இருக்கிறான்.

எலிசாவின் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஏதோமின் வழியாய் வந்தது என்று வேதம் கூறுகிறது. அவர்கள் கண்களுக்கு எட்டாத தூரத்து மலையில் மழை பெய்திருக்கும் என்று விளக்குவோர் உண்டு. தாகம் தீர்ந்தவர்கள் அந்த மழையின் இரைச்சலைக் கேட்கவே இல்லை. இன்னும் ஒன்று உண்டு. அந்த அதிகாலையில் மோவாபியர் அதே தண்ணீரை எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தார்கள். சூரிய ஒளியில் அது அவர்களுக்கு இரத்தமாய்த் தெரிந்தது. அந்த எண்ணம் அவர்களை அழிவுக்கு நடத்திற்று. ஒரு பக்கத்தாருக்கு ஜீவனாயிருந்த நீர் மறுபக்கத்தாருக்கு மரணமாயிற்று. இந்த அதிகாரத்தை மகிழ்ச்சியான அற்புதமாக மட்டும் போதித்து முடிப்பது எங்களுக்கு இனி இயலாது.

மொன்டெர்ரேக்கும் இப்படிப்பட்ட அயலார் உண்டு. புயலை முதலில் ஏற்றுக்கொள்ளுகிறவர்கள் வளைகுடாக் கரையின் மீனவர்கள். நீருக்காகக் கடைசியில் காத்திருப்பவர்கள், எல் கூச்சியோவுக்குக் கீழே தமௌலிப்பாஸ் மாநிலத்து விவசாயிகள். 1990களில் அந்த அணை எழுந்தபோது தங்கள் வயலுக்கு வரும் சான் ஹுவான் ஆற்று நீரை நகரம் பிடித்துக்கொண்டதாக அவர்கள் முறையிட்டார்கள். 1996ஆம் ஆண்டில் இரு மாநிலத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது. அணையின் உபரி நீரில் ஒரு பங்கையும், நகரம் பயன்படுத்திச் சுத்திகரித்த நீரையும் கீழே விடுவதென்று ஒப்புக்கொண்டார்கள். உடன்பாட்டுக்குப் பிறகும் வறட்சி ஆண்டுகளில் மனத்தாங்கல் எழாமல் இல்லை. காவிரியின் கடைமடையை அறிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

எலியாவின் சரித்திரத்தில் இன்னொரு சிறு விவரம் உண்டு. வறட்சியில் கேரீத் ஆறு வற்றியபின் அவர் எங்கே போஷிக்கப்பட்டார்? சாறிபாத்தில். அது சீதோன் நாட்டின் கடலோரப் பட்டணம். கையில் ஒரு பிடி மாவை வைத்திருந்த ஏழை விதவை, உள்நாட்டிலிருந்து வந்த அந்நியனுக்கு முதல் அடையைச் சுட்டுக் கொடுத்தாள். பின்வரிசையில் இருந்து எங்கள் ஏரிக்காக ஸ்தோத்திரம் சொன்ன அந்தப் பெண்மணியை நினைக்கும்போதெல்லாம் சாறிபாத்தின் விதவை எங்கள் நினைவுக்கு வருகிறாள்.

மழை வந்த நாள்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆல்பெர்ட்டோ என்னும் வெப்பமண்டலப் புயல் வளைகுடாவில் எழுந்தது. அந்த ஆண்டின் முதல் புயல் அது. சூறாவளியாக வளரும் அளவுக்கு அதற்குக் காற்றுப் பலம் இல்லை. ஜூன் 20ஆம் தேதி தம்பிக்கோ நகரத்துக்கு அருகே கரையேறிச் சீக்கிரத்தில் கலைந்தும்போயிற்று. ஆனால் அது சுமந்துவந்த ஈரம் திரளாயிருந்தது. மலைச்சரிவுகளில் மழை கொட்டிற்று. சில நாட்களில் லா போக்கா நிரம்பி மதகுகள் திறக்கப்பட்டன. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாய்க் கிடந்த செர்ரோ பிரியெத்தோவில் நீர் பாதியைத் தாண்டிற்று. எல் கூச்சியோவுக்கும் பெருவரத்து வந்தது. நகரத்தார் அணைக்கரைகளுக்குச் சென்று நீரைக் கண்குளிரப் பார்த்தார்கள்.

ஒரு புயலின் காற்றும் மழையும் ஒரே அளவில் வருவதில்லை என்று வானிலை அறிஞர் சொல்லுகிறார்கள். பெருங்காற்றோடு விரைந்து போகும் புயலைவிட, பலவீனமாய் மெல்ல நகரும் புயல் அதிக மழையைப் பொழிவதுண்டு. ஆகையால் 'மழையைத் தாரும், காற்றை அடக்கும்' என்று கேட்பது அறிவீனமான ஜெபமல்ல என்று அறிந்து ஆறுதலடைந்தோம்.

ஆயினும் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ளுவது நேர்மையாகாது. அந்த மழையிலும் நுவோ லெயோன் மாநிலத்தில் நான்கு பேர் மாண்டார்கள். வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டவரும் மின்சாரம் தாக்கியவர்களும் அவர்களில் உண்டு, சிறுபிராயத்தாரும் இருந்தார்கள். நிரம்பிய அணைக்கரையில் நிற்கும்போது அந்த வீடுகளையும் நினைக்க வேண்டும். ஏன் இப்படி என்பதற்கு எங்களிடம் விளக்கம் இல்லை. புயல் நடுவே படகில் தம் சீஷரோடு இருந்தவர் அந்த வீடுகளிலும் இருக்கிறார் என்று விசுவாசிக்கிறோம். அவர் இருக்கிற இடத்தில் அவருடைய சபையும் இருக்கவேண்டும்.

சான்டா கத்தரினாவைப்பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். 2010இன் வெள்ளத்துக்குப் பின் அதன் மடியில் மரங்கள் தாமாகவே முளைத்து வளர்ந்தன. பறவைகள் திரும்பி வந்தன. நகரத்தின் நடுவே ஒரு பசுஞ்சோலை எழும்பிற்று. ஆற்றுக்குரிய இடத்தை ஆற்றுக்கே விட்டுவைத்தால் அது வறண்ட நாளிலும் நிழல் தரும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

எங்கள் சிற்றாலயத்தில் இப்போதும் மழைக்காக ஜெபிக்கிறோம். புயலை எங்கள் பக்கமாய்த் திருப்பும்படி கேட்பதில்லை. மழையைக் கேட்கிறோம். புயல் எச்சரிக்கை வந்த நாளில், விடுதியில் கடலோரத்துப் பராமரிப்பாளர் யாரேனும் தங்கியிருந்தால் அவர்களை முன்வரிசைக்கு அழைத்து, அவர்கள் ஊரின் பெயரைச் சொல்லி முதலில் ஜெபிக்கிறோம். அதன் பின்பே எங்கள் கிணற்றுக்காகக் கேட்கிறோம். கோடை தொடங்குமுன் கூரைநீர்க் குழாய்களைக் கழுவித் தொட்டியைத் துப்புரவாக்கும் வேலையில் நாங்களும் கைகொடுக்கிறோம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஏணி ஏறத் தடை என்பதால் வாளி பிடிப்பது மட்டும் எங்கள் பங்கு.

குடும்பமாகவும் குழுவாகவும் சிந்திக்க

1. நாம் ஆவலோடு கேட்கும் ஒரு காரியம் இன்னொருவருக்கு இழப்பாய் முடியக்கூடுமோ? அவர் யார்? அவரோடு பேசியிருக்கிறோமா?

2. எலியா ஆகாபுக்குச் செய்ததுபோல, நம் ஊரில் மழை வருமுன் எச்சரிக்கப்பட வேண்டியவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? நம் ஆலயத்தின் திறவுகோல் அந்த இரவில் யாரிடம் இருக்கும்?

3. நம் வீட்டிலும் ஆலயத்திலும் வெட்டப்படாமல் கிடக்கும் வாய்க்கால் எது? இந்த மாதத்திலே செய்யக்கூடிய ஒரு வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. நாம் பயன்படுத்திய நீர் எங்கே போகிறது? நமக்குக் கீழே அதற்காகக் காத்திருப்பவர்கள் யார்?

ஜெபக்குறிப்புகள்

வறட்சியால் வாடும் நகரங்களுக்காகவும், வாளியோடு வரிசையில் நிற்கும் தாய்மாருக்காகவும் ஜெபியுங்கள்.

புயலின் முதல் அடியைத் தாங்கும் கடலோர மக்களுக்காகவும், கடலில் இருப்பவர்கள் பத்திரமாய்க் கரைசேரவும் ஜெபியுங்கள்.

எச்சரிக்கும் வானிலை ஊழியருக்காகவும், வெள்ளத்தில் இறங்கி மீட்போருக்காகவும், தண்ணீர்க் குறைவிலும் நோயாளிகளைக் கவனிக்கும் எல்லா மருத்துவமனைகளுக்காகவும் ஜெபியுங்கள்.

பெய்யும் மழையைத் தாங்கி வைக்கத்தக்க ஏரிகளையும், அதைப் பகிர்ந்துகொள்ளத்தக்க இருதயங்களையும் கர்த்தர் நமக்குத் தந்தருளுவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில் உங்களுக்காக ஜெபிக்கும்,
மருத்துவமனைச் சிற்றாலய ஊழியர்